குதிரையின் மூட்டில் ஒரு சின்னக் காயம்

நுவரெலியாவில் குதிரை வைத்திருப்பவர்கள் எனக்குப் போன் எடுத்தால் முதல் வார்த்தை காயத்தின் அளவைப் பற்றியதாகத்தான் இருக்கும். "மிஸ், பெருசா ஒண்ணுமில்ல, ஒரு இஞ்சிகூட இருக்காது." "மிஸ், தோலு மட்டுந்தான் கிழிஞ்சிருக்கு, ரத்தமும் நின்னுடுச்சு." கேட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: எந்த இடத்தில்? தொடைச் சதையிலோ மார்பிலோ என்றால், கையகலக் கிழிசலாக இருந்தாலும் இரத்தம் நின்றிருந்தால் கழுவிக் கட்டச் சொல்லிவிட்டு விடிந்ததும் போவேன். கணுக்காலில், முழங்காலில், பின்னங்கால் முட்டியில் என்றால் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டு அப்போதே கிளம்பிவிடுவேன். தொடைக் கிழிசலோடு குதிரை பல வருடம் வாழும். மூட்டுக்கு மேல் ஒரு ஆணி நுழைந்த அளவு துளை, கவனிக்காமல் விட்டால், ஒரே வாரத்தில் அதன் வாழ்க்கையை முடித்துவிடும்.

நான் அடிப்படையில் மாட்டு டொக்டர். தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒன்றிரண்டு பசு வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்களோடுதான் என் நாளின் பெரும்பகுதி போகிறது. மடிநோய், சினை ஊசி, தலை திரும்பி நிற்கும் கன்று, இவைதான் என் வேலை. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு குதிரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், வெள்ளைக்காரர் தங்கள் ஊர்க் குளிரைத் தேடி வந்து அமைத்த ஊர் இது. பந்தயத் திடல் 1875-இல் வந்தது. இன்றும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் சீசனில் அங்கே பந்தயம் நடக்கிறது. கொழும்பிலிருந்து வரும் கூட்டத்துக்கு அந்த ஒரு நாள்தான் குதிரை. எங்களுக்கு வருடம் முழுக்கக் குதிரைதான். கிரகரி வாவி ஓரத்திலும் ரேஸ் கோர்ஸைச் சுற்றியும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைகளில் பல, ஒரு காலத்தில் ஓடியவை. வயது போனதும், கால் போனதும், கை மாறிக் கை மாறி இந்தத் தொழிலுக்கு வந்தவை. அதாவது அவற்றின் மூட்டுகள் ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்தவை.

மூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரையின் முன்னங்கால் 'முழங்கால்' உண்மையில் நம் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் கூராகத் தெரியும் முட்டிதான் நம் கணுக்கால். அதற்கும் கீழே, எல்லோரும் குதிரையின் கணுக்கால் என்று சொல்லும் அந்த மூட்டு, நம் விரல் தொடங்கும் இடம். 450, 500 கிலோ எடையுள்ள ஒரு உயிர், ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நகத்தை ஊன்றி நிற்கிறது. நிற்கும்போதே அந்த எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 60 சதவீதம், முன்னங்கால்களில்தான் விழுகிறது. கணுக்காலைச் சுற்றிச் சதை என்று எதுவும் இல்லை. தோல், அதன் கீழே கொஞ்சம் இழையம், உடனே மூட்டுப் பை. ஒரு முள்ளுக்கம்பியின் கூர்முனை உள்ளே போவதற்கு விரல் தடிமன்கூட வேண்டியதில்லை.

அந்தப் பைக்குள் இருக்கும் நீர்தான் மூட்டுக்கு எல்லாம். எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அது சாப்பிடுவதும் சுவாசிப்பதும் இந்த நீர் வழியாகத்தான். கிருமி உள்ளே போய்விட்டால் அதை விரட்ட உடம்பு அனுப்பும் வெள்ளையணுக்கள் சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பையும் சேர்த்தே அரிக்கின்றன. போன குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. இதனால்தான் நாங்கள் நாட்கணக்குப் பார்ப்பதில்லை, மணிக்கணக்குப் பார்க்கிறோம். முதல் 24 மணி நேரத்துக்குள் கழுவப்பட்ட மூட்டுக்கும், மூன்றாம் நாள் கழுவப்பட்ட மூட்டுக்கும் உள்ள வித்தியாசம், நடக்கும் குதிரைக்கும் நடக்காத குதிரைக்கும் உள்ள வித்தியாசம்.

எல்லோரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மூட்டு திறந்தே இருக்கும்வரை குதிரை பெரும்பாலும் நொண்டாது. உள்ளே சேரும் நீர் காயத்தின் வழியே வடிந்துகொண்டிருக்கும், அழுத்தம் ஏறாது, அதனால் வலியும் குறைவாகத்தான் இருக்கும். "நல்லாத்தானே நடக்குது" என்று மஞ்சள் பூசிக் கட்டிவிடுவார்கள். ஓரிரு நாளில் காயத்தின் வாய் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க ஆறியது போலவே இருக்கும். அன்று இரவுதான் உள்ளே சீழ் சேர்ந்து பை புடைக்க, குதிரை அந்தக் காலைத் தரையில் வைக்க மறுக்கும். காயம் ஆறியதற்கும் கால் போனதற்கும் இடையே ஒரே இரவு. குதிரைக்காரர் யாரையும் நான் இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். நொண்டினால்தான் நோய் என்பது எல்லா இடத்திலும் சரியாக வரும் கணக்கு. இந்த ஒரு இடத்தில் மட்டும் அது பொய்த்துவிடுகிறது.

ஆனி மாதத்து மழையில் எனக்கு வந்த ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே சவாரிக்கு ஆள் குறைவு. புல்லும் வாங்க முடியாமல் சிலர் குதிரையை இரவில் அவிழ்த்து விடுவார்கள். அது மேய்ச்சலைத் தேடி மரக்கறித் தோட்டப் பக்கம் போகும். கரட், லீக்ஸ் பாத்திகளைச் சுற்றி முள்ளுக்கம்பி. இந்தக் குதிரையும் அப்படித்தான் இடது முன்னங்கால் கணுவின் வெளிப்பக்கத்தைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. காலையில் பார்த்தபோது நகம் அளவுக் கீறல். நொண்டவில்லை. வெயில் எட்டிப் பார்த்த நாள் என்பதால் வந்த இரண்டு குடும்பத்தையும் ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார் குதிரையை வைத்திருக்கும் தம்பி. சாயங்காலம் கணு வீங்கியது, போன் வந்தது.

கொட்டில் என்பது நாலு மரக்கால் மேல் தகரம். தரையில் ஈரம். முதலில் குதிரைக்கு சைலசினும் பியூட்டர்ஃபனோலும் இரத்தக்குழாயில் கொடுத்துத் தூங்கவைக்காமல் மயக்கினேன். தலை தொங்கியது, கண் பாதி மூடியது. தம்பி மேலுதட்டில் கயிறு போட்டு முறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய அக்கா டோர்ச் பிடித்தார். காயம் வெளிப்பக்கம் என்பதால் நான் உள்பக்கத்தைத் தேர்ந்தேன். காயத்துக்குள்ளேயோ வீங்கிச் சிவந்த தோலின் வழியாகவோ ஊசி போடவே கூடாது, போட்டால் வெளியே இருக்கும் கிருமியை நாமே உள்ளே கொண்டுபோய் விடுகிறோம். மயிரை மழித்து, குளோர்ஹெக்ஸிடின் சோப்பால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் தேய்த்து, ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, கிருமியற்ற கையுறை போட்டு, கணு எலும்புக்கும் அதன் பின்னால் ஓடும் பெரிய தசைநாருக்கும் இடையில் உள்ள குழியைத் தடவிப் பிடித்து, 20 கேஜ் ஊசியை நுழைத்தேன்.

நல்ல மூட்டு நீர் வெளிர் மஞ்சளாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கிடையே வைத்துப் பிரித்தால், வெண்டைக்காய் அறுக்கும்போது கத்தியோடு வரும் நூலைப் போல இழுபடும். அந்த இழுவையைக் கொடுப்பது ஹயலூரோனிக் அமிலம். தொற்று வந்தால் அது சிதைந்து நீர் வெறும் தண்ணீராகிவிடும். என் சிரிஞ்சில் வந்தது கலங்கிய செம்மஞ்சள். விரலில் வைத்துப் பார்த்தேன், நூல் வரவில்லை. தம்பிக்கும் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்த நீரில் ஒரு பகுதியை ஊதா மூடிக் குழாயில் அணு எண்ணிக்கைக்கும், மீதியைக் கிருமி வளர்ப்புக்கும் எடுத்து வைத்தேன். நல்ல மூட்டில் ஒரு மைக்ரோலீட்டரில் வெள்ளையணு 1,000-ஐத் தாண்டாது. புரதம் ஒரு டெசிலீட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேலோடு நின்றுவிடும். 30,000-க்கு மேல் அணுவும், நாலு கிராமுக்கு மேல் புரதமும் இருந்தால் கிருமி உள்ளே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் வந்த முடிவு அந்த எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் அதற்காக இரவில் காத்திருக்க முடியாது. எனவே அடுத்த சோதனையை அங்கேயே செய்தேன். உள்ளே இருந்த ஊசி வழியாகக் கிருமியற்ற சேலைனை மெதுவாகச் செலுத்தினேன். பை புடைத்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு எதிர்ப்பக்கம் அந்த நகம் அளவுக் கீறலிலிருந்து சேலைன் கசிந்து, குளம்பின் மேல் வழிந்தது. கம்பி மூட்டுக்குள் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஸ்கானும் எக்ஸ்ரேயும் இல்லாத இடத்தில், ஒரு ஊசியும் ஒரு போத்தல் சேலைனும் சொல்லும் பதில் இது. மலைநாட்டில் வேலை செய்யும் எந்த மிருக வைத்தியரும் இந்தச் சோதனையைக் கை நடுங்காமல் செய்யப் பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு கழுவல். ஒரு பக்கம் பெரிய ஊசி வழியாகச் சேலைன் உள்ளே, மறுபக்கம் இன்னொரு ஊசி வழியாக வெளியே. எங்கள் குளிரில் சேலைன் பைகள் பனிக்கட்டி போலிருக்கும், அப்படியே விட்டால் குதிரை துள்ளும். அக்கா விறகடுப்பில் சுடுதண்ணீர் வைத்து வாளியில் ஊற்றி, பைகளை அதில் போட்டு இளஞ்சூடாக்கித் தந்துகொண்டே இருந்தார். பையைக் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு கையாலும் அமுக்கினோம். லீட்டர் கணக்கில் ஓட வேண்டும். ஒரு கணுவுக்குக் குறைந்தது மூன்று, ஐந்து லீட்டராவது. முதலில் கலங்கலும், மஞ்சள் சவ்வுத் துணுக்குகளும் வந்தன. கடைசிப் பைகளில்தான் தெளிந்தது. முடிவில் அமிக்கசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை மூட்டுக்குள் விட்டு ஊசியை எடுத்தேன்.

அதோடு முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே இரப்பர்ப் பட்டையால் இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, கீழே உள்ள இரத்தக்குழாயில் சேலைனில் கலந்த அமிக்கசினை மெதுவாகச் செலுத்தி, அரை மணி நேரம் கட்டை அவிழ்க்காமல் வைத்தோம். மருந்து உடம்பு முழுக்கப் பரவாமல் அந்தக் கணுவுக்குள்ளும் எலும்புக்குள்ளும் ஊறும். உடம்பு முழுக்க ஏற்றி அடைய முடியாத செறிவை இப்படி ஒரு மூட்டுக்குள் அடையலாம். செலவும் குறைவு. ஆப்பரேஷன் தியேட்டர் வேண்டாம், நிற்க வைத்தே செய்யலாம். எங்களைப் போன்ற இடங்களுக்கென்றே வந்த முறை என்று எனக்குத் தோன்றும். பிறகு பென்சிலினும் ஜென்டாமைசினும், வலிக்கு பீனைல்பியூட்டசோனும், ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும். ஏற்புக்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் வீட்டு மிருகம் வேறில்லை. முள்ளுக்கம்பி, சாணம், ஈர மண் மூன்றும் ஒன்றாக இருக்கும் ஊரில் இந்த ஊசியை மறக்கவே கூடாது.

மறுநாளும் கழுவினேன், அதற்கடுத்தும் கழுவ வேண்டியிருந்தது. ஊசியால் கழுவுவதில் ஒரு குறை உண்டு: உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைப் பிய்த்து எடுக்க முடியாது, உள்ளே என்ன நிலை என்று பார்க்கவும் முடியாது. கெமரா உள்ள குழாயை விட்டுப் பார்த்துக் கழுவுவதுதான் மேலான முறை. ஆனால் அன்று அந்தக் கொட்டிலில் இருந்தது ஊசியும் சுடுதண்ணீர் வாளியும் ஒரு அக்காவின் கையும்தான். அது போதுமாக இருந்தது. குதிரை மழை முடியும்வரை கொட்டிலைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு கையில் பிடித்து நடத்தினார்கள். இப்போது சின்னப் பிள்ளைகளை மட்டும் ஏற்றுகிறார் தம்பி. குளிர்ந்த காலைகளில் முதல் கொஞ்ச தூரம் அந்தக் கால் மடங்கச் சிரமப்படும், பிறகு இளகிவிடும். அந்த விறைப்பு இனிப் போகாது. அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

இனி இன்னொரு ஊசியைப் பற்றிப் பேச வேண்டும். பங்குனி பிறந்தால் எனக்கு வரும் போன் வேறு மாதிரி இருக்கும். "மிஸ், மூட்டுக்கு ஊசி ஒண்ணு போட்டு விடுங்க, சீசன் மட்டும் தாங்கட்டும்." அவர்கள் கேட்பது ஸ்டீரொய்ட். டிரையம்சினொலோன் அல்லது மெதில்பிரட்னிசொலோன். போட்டால் வீக்கம் வடியும், நொண்டல் குறையும், பார்ப்பவர்களுக்கு அற்புதம் நடந்தது போலிருக்கும். இந்த மருந்துகளை நான் வெறுப்பவள் அல்ல. கிருமி இல்லாத, எலும்பு உடையாத, அழற்சி மட்டுமே உள்ள மூட்டில், அளவோடு கொடுத்து, பிறகு ஓய்வும் கொடுத்தால், டிரையம்சினொலோன் நல்ல மருந்து. மெதில்பிரட்னிசொலோனைத் திரும்பத் திரும்ப, நிறைய அசையும் மூட்டில் போட்டால் குருத்தெலும்பைக் கெடுக்கும் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். அதனால் அதை நான் கையில் எடுப்பதில்லை. டிரையம்சினொலோனும் ஒரு குதிரைக்கு எல்லா மூட்டுக்கும் சேர்த்து 18 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. குளம்புக்குள் அழற்சி வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

நான் மறுப்பது வேறொன்றை: பார்க்காமல் போடுவதை. மூட்டுக்குள் போகும் ஊசி முதலில் நீரை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மருந்தைக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. உள்ளே கிருமி இருக்கும்போது ஸ்டீரொய்ட் போட்டால் அது வலியை மூடும், வீக்கத்தை மூடும், கிருமியை வளர விடும். நொண்டல் பல நாள் கழித்துத் தெரிய வரும்போது குருத்தெலும்பு போயிருக்கும். உள்ளே எலும்புச் சில்லு பெயர்ந்திருந்தால், வலி தெரியாத குதிரை அந்தச் சில்லின் மேலேயே ஓடும். பந்தயத்தில் கணுவும் முழங்காலும் அளவுக்கு மீறிப் பின்னோக்கி வளையும்போது எலும்பின் விளிம்பு இப்படிச் சில்லாகப் பெயர்வது சாதாரணமாக நடப்பது. நொண்டும் குதிரையைக் கொண்டுவந்தால் முதலில் நடக்கவிட்டுப் பார்ப்பேன், மூட்டை மடித்துப் பிடித்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பேன், குளம்பிலிருந்து தொடங்கி மேலே மேலே நரம்பை மரக்க வைத்து எந்த இடத்தில் நொண்டல் மறைகிறது என்று தேடுவேன். அதற்கே அரை நாள் போகும். "ஊசி போட அரை நாளா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அரை நாள்தான்.

மூட்டுக்குள் ஊசி போட்ட குதிரையை 14 நாட்கள் ஓட விடக் கூடாது என்று பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பந்தய விதியே இருக்கிறது. மருந்து மறைத்த வலி என்ன என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும் அவகாசம் அது. சவாரிக் குதிரைக்கும் அதே அவகாசத்தைக் கொடுக்க வேண்டும் என்பேன். பந்தயக் குதிரையின் மேல் ஒரு ஜொக்கிதான் இருப்பார். சவாரிக் குதிரையின் மேல் இருப்பது ஐந்து வயதுப் பிள்ளை.

ஹயலூரோனிக் அமிலத்தைக் கார்ல் மேயர் 1934-இல் பசுவின் கண்ணுக்குள் இருந்து பிரித்தெடுத்தார். 1970-களில் அது குதிரை மூட்டுக்கு மருந்தாக வந்தது. இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிளேட்லெட் திரவம், ஸ்டெம் செல் எல்லாம் பிறகு வந்தவை. வசதி உள்ள நாடுகளில் அவற்றுக்கு இடம் உண்டு. இங்கே ஒரு ஊசியின் விலையில் ஒரு மாதத் தீவனம் வாங்கலாம் என்றால், தீவனம் வாங்கி ஓய்வு கொடுக்கச் சொல்வேன்.

எங்கள் மலையில் செய்ய முடியாதவை இருக்கின்றன. உடைந்த சில்லை எடுக்க கெமராக் குழாய் வேண்டும். நாலு மில்லிமீட்டர் தடிமன் குழாய், இரண்டு சின்னத் துளை, உள்ளே நடப்பது எல்லாம் திரையில் தெரியும். அதற்கு முழு மயக்கம் வேண்டும். குதிரைக்கு முழு மயக்கம் என்பதே ஆபத்து. வயிற்று அறுவை அல்லாத சாதாரணச் சத்திரசிகிச்சைகளிலும் ஏறத்தாழ 100-க்கு ஒரு குதிரை இறக்கிறது என்று 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. மயக்கம் தெளிந்து எழும்போது தடுமாறி விழுந்து காலை உடைத்துக்கொள்பவையும் அதில் உண்டு. எழுந்து நிற்க மெத்தைச் சுவர் வைத்த அறை, கயிறு, ஆட்கள் எல்லாம் வேண்டும்.

எல்லாம் இருந்தும் போகும் உயிர் உண்டு. 2006 மே 20 அன்று அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் பார்பரோ என்ற குதிரை, அந்த வருடம் கென்டக்கி டெர்பி வென்ற குதிரை, வலது பின்னங்காலை உடைத்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவ நிலையத்தில் டீன் ரிச்சர்ட்சன் மறுநாளே அறுவை செய்து, ஒரு தகடும் 27 திருகாணியும் வைத்து, மூட்டை அசையாமல் பொருத்தினார். உடைந்த கால் தேறி வந்தது. ஜூலையில் மற்றப் பின்னங்காலின் குளம்புக்குள் அழற்சி வந்தது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்றதிலேயே எடையைச் சுமந்தால் வருவது அது. 2007 ஜனவரி 29 அன்று அதற்கு வலியில்லா மரணம் கொடுத்தார்கள். உலகின் மிகச் சிறந்த கையும் பணமும் எட்டு மாதம் போராடிய பிறகு. குதிரையால் நாட்கணக்கில் படுத்தே ஓய்வெடுக்க முடியாது. நாலு காலில் ஒன்று போனால் மூன்றும் ஆபத்தில். இதைச் சொன்னால்தான், ஏன் சில குதிரைகளுக்கு நான் முதல் நாளே "வேண்டாம், விட்டுவிடுவோம்" என்கிறேன் என்பது புரியும்.

இரவில் பனிமூட்டத்தில் வீதிக்கு வந்து வேனில் அடிபட்ட ஒரு குதிரையை அப்படித்தான் அனுப்பினேன். முழங்கால் மூட்டு திறந்து எலும்பு தெரிந்தது. வைத்திருந்தவர் வயதானவர். "ஒரு தடவை கழுவிப் பாக்கலாமா மிஸ்?" என்று கேட்டார். மூட்டைக் கழுவலாம் ஐயா, உடைஞ்ச எலும்பைக் கழுவ முடியாது என்றேன். தலையணை மாதிரி தன் சால்வையை மடித்து அதன் தலைக்கடியில் வைத்தார். ஊசி போடும்வரை அதன் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரவில் குதிரையை அவிழ்த்து விடாமல் இருக்க அவருக்குப் புல்லுக்கு வழி இருந்திருந்தால் என்று நினைக்காத நாளும் இல்லை. மாநகர சபை பிடித்துக் கட்டுவதாலோ தண்டம் போடுவதாலோ மட்டும் இது தீராது. சீசனில் குதிரையால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு, மழை மாதங்களில் அந்தக் குதிரையின் தீவனத்துக்குத் திரும்ப வேண்டும்.

ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று குதிரைக்காரர்களிடம் சொல்லி வருகிறேன். அதில் சேலைன் பைகள், பஞ்சுச் சுருள், பட்டி, கிருமியற்ற கையுறை, ஏற்புத் தடுப்பூசிக்குக் குளிர்ப்பெட்டி இருந்தால் போதும். மருந்து நான் கொண்டு வருவேன். மூட்டுக் காயத்தில் டெட்டால் வேண்டாம், ஹைட்ரஜன் பெராக்சைட் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், சாம்பல் வேண்டவே வேண்டாம். மேலே தெரியும் அழுக்கைச் சேலைனால் கழுவி, சுத்தமான பஞ்சு வைத்து, மேலிருந்து கீழ்வரை தடித்த கட்டாகக் கட்டிவிட்டுப் போன் எடுங்கள். நான் வரும்வரை ஒரு வலிமாத்திரையும் கொடுக்க வேண்டாம். எனக்கு அந்த நொண்டலைப் பார்க்க வேண்டும்.

சவாரி ஏற வருகிறவர்களுக்கும் ஒன்று. ஏறும் முன் குதிரையைப் பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். தலை இப்படி ஆடினால் ஏறாதீர்கள். ஆனால் சவாரிக் காசைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தக் காசு இல்லாததால்தான் பல நேரம் அது நடக்க வேண்டியிருக்கிறது.

இங்கே முடியாததென்று கீழே அனுப்ப வேண்டி வந்தால், லொறிதான் வழி. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக, மிருக வைத்திய பீடம் உள்ள பேராதனை வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. லொறி இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எடை முழுவதும் முன்னால் தள்ளும். அதனால் முன்னங்காலில் அடிபட்ட குதிரையை முகம் பின்பக்கம் பார்க்க ஏற்ற வேண்டும், அப்போது தள்ளுகிற எடையை அதன் பின்னங்கால்கள் தாங்கிக்கொள்ளும். பின்னங்காலில் அடி என்றால் முகம் முன்பக்கம். மார்புக்கும் பின்புறத்துக்கும் குறுக்குக் கட்டை போடுங்கள், சாய்ந்து நிற்க இடம் கிடைக்கும். தலையை இறுக்கிக் கட்டாதீர்கள், சமநிலைக்குத் தலை அசைய வேண்டும். தரையில் வைக்கோலோ மரத்தூளோ தடிப்பாகப் போடுங்கள். டிரைவரிடம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே இறக்கச் சொல்லுங்கள். லபுக்கலை தாண்டியதும் ஒரு தடவை நிறுத்தி, கட்டு நழுவியிருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் காட்டிவிட்டு இறம்பொடை வளைவுகளுக்குள் இறங்குங்கள்.